28 நூல்கோல், ஒரு ஃபிரிட்ஜ்

விதைப் பொட்டலத்தைப் பிரித்தால் மொத்தத்தையும் போட்டுத் தீர்த்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. நூல்கோலிலும் அதைத்தான் செய்தேன். வந்த நாற்றில் நல்லதாக 32 எடுத்து ஒரே சாயங்காலத்தில் நட்டு முடித்தேன். நான்கை நத்தை தின்றது. மீதி 28-ம் சொல்லி வைத்தாற்போல் ஒரே வாரத்தில் உருண்டு திரண்டு நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் பிடுங்கிக் கூடையில் அடுக்கி, தழை தொங்கத் தொங்க வீட்டுக்குள் தூக்கி வந்தேன்.

மனைவி கூடையைப் பார்த்தாள், ஃபிரிட்ஜைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "வீட்ல நாம ரெண்டு பேருதானேங்க?" என்றாள்.

அந்த 28-ல் நாங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டது 11. தெரிந்தவர்களுக்குக் கொடுத்தது 5. மீதி 12-ம் மூன்று வாரத்துக்குள் உரக்குழிக்குப் போயின. சில ரப்பர் பந்துபோல அமுங்கின, சில அடியில் கறுத்துக் குழைந்தன. ஒன்றிரண்டு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தன, கத்தி வைத்தால் உள்ளே நார். இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததைக் கையாலேயே குழியில் கொட்டுவது எவ்வளவு எரிச்சலான வேலை என்று தோட்டம் போட்டவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான்கு முறை நூல்கோல் போட்டுவிட்டேன். குழிக்குப் போவது இப்போதும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் போன முறை போனது ஒன்றே ஒன்றுதான்.

முதல் தவறு தழையில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நானில்லை, பக்கத்து வீட்டு அக்கா. கொடுத்த நூல்கோல் எப்படி இருந்தது என்று ஒரு வாரம் கழித்து அவரிடம் கேட்டேன். நன்றாக இருந்தது, இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது என்றார். எங்கள் வீட்டில் இருந்தவை அதற்குள் வதங்கிவிட்டன. இரண்டும் ஒரே பாத்தி, ஒரே நாள் பறித்தவை. என்ன செய்தீர்கள் என்றேன். "ஒண்ணும் பண்ணல தம்பி, தழையை வெட்டிட்டு வச்சேன். நீ இலையோடயா உள்ளே வச்சே? அது அங்கேயும் உட்கார்ந்து தண்ணி குடிக்குமே!"

அவ்வளவுதான் விஷயம். இலை செடியில் இருக்கும்போது என்ன செய்ததோ அதையேதான் கூடையிலும் செய்கிறது. அதன் நுண்துளைகள் வழியே நீராவி போய்க்கொண்டே இருக்கிறது. செடியில் இருந்தவரை வேர் அதை ஈடுகட்டியது. வேர் போன பிறகு இலை உறிஞ்சுவதற்கு மிச்சம் இருக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி அந்த உருண்டைதான். நூல்கோலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 91 கிராம் தண்ணீர். இலையும் வாடி, உருண்டையையும் வாட வைத்துவிட்டுத்தான் ஓய்கிறது.

பேச்சில் எல்லோரும் கிழங்கு என்கிறோம், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் இது கிழங்கில்லை, வேருமில்லை. மண்ணுக்கு மேலே பருத்து நிற்கும் தண்டு. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் புரோக்கோலியும் எந்தத் தாவர இனமோ அதே இனம்தான் நூல்கோலும். அதன் இலையைத் தின்றால் முட்டைக்கோஸ், பூவைத் தின்றால் காலிஃபிளவர், தண்டைத் தின்றால் நூல்கோல். பெயருக்கும் நூலுக்கும் சம்பந்தமில்லை. டச்சு மொழியில் 'க்னோல்கோல்' என்பார்கள். க்னோல் என்றால் கிழங்கு, கோல் என்றால் முட்டைக்கோஸ். அது நம் வாயில் விழுந்து நூல்கோல் ஆகி, நூக்கல் என்றும் ஆகிவிட்டது. முற்றியதைத் தின்றுபார்த்தவர்கள் நூல் என்ற பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள், அது வேறு கதை.

தண்டு என்று தெரிந்துகொண்டதில் ஒரு பயன் உண்டு. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் வைக்கிற மாதிரி இருட்டு மூலையில் கூடையில் போட்டு வைக்கலாம் என்று நான் முதலில் நினைத்தேன். அவை செடியே ஓய்வெடுக்கும் உறுப்புகள். மாதக்கணக்கில் தூங்குவதற்கென்று உருவானவை. நூல்கோலை முழுச் செடியாக விட்டால் அடுத்து பூக்கத்தான் பார்க்கும். அதனால் வெட்டிய பிறகும் அது மூச்சு விட்டுக்கொண்டு, இருக்கிற சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டு இருக்கும். அதைத் தடுக்க முடியாது. குளிரில் வைத்து மெதுவாக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது நான் வெட்டுவது காலையில், வெயில் ஏறும் முன். மத்தியானம் வெட்டிய நூல்கோலைக் கையில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டோடு பைக்குள் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே வியர்க்கும், பையின் சுவரில் நீர் முத்து முத்தாக நிற்கும், அப்புறம் அழுகல். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது இதேதான். காலையில் வெட்டியதுகூடத் தொட்டால் சில்லென்று இல்லாவிட்டால் அரை மணி நேரம் நிழலில் பரத்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போகிறேன்.

பிடுங்குவதை விட்டுவிட்டேன். உருண்டைக்கு இரண்டு விரல் கீழே, தண்டில் கத்தி வைத்து வெட்டுகிறேன். வேரோடு பிடுங்கினால் மண்ணும் கூடவே வருகிறது, பக்கத்துச் செடியின் வேரும் ஆடுகிறது. இலைகளைக் கையால் கீழே இழுத்துக் கிழிப்பது வேகமான வேலை. ஆனால் காம்போடு சேர்ந்து உருண்டையின் தோலும் நீளமாக உரிந்து வந்துவிடும். உரிந்த இடம்தான் முதலில் கறுக்கும். கத்தியாலோ கத்தரியாலோ, காம்பில் ஒரு விரல்கடை விட்டு வெட்டினால் காயம் காம்போடு நின்றுவிடுகிறது. சில நாளில் அந்தக் காம்புத் துண்டு மஞ்சளாகித் தானே உதிரும். உருண்டைக்கு ஒன்றும் ஆகாது. நடு உச்சியில் இருக்கும் குருத்து இலைகள் சிலவற்றை நான் விட்டு வைப்பதுண்டு, அழகுக்காக. அவையும் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும், நீங்கள் விட வேண்டியதில்லை.

கழுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கும் மனைவிக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. மண்ணோடு எதையும் ஃபிரிட்ஜுக்குள் வைக்கக்கூடாது என்பது அவள் கட்சி. இரண்டாவது அறுவடையில் அவள் சொன்னபடி பத்தைத் தேய்த்துக் கழுவி, பளபளவென்று பையில் போட்டு இறுக்கிக் கட்டி வைத்தோம். பன்னிரண்டாம் நாள் பையைத் திறந்ததும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூக்கைப் பிடித்தோம். முட்டைக்கோஸ் இனத்தில் கந்தகம் கலந்த பொருள்கள் நிறைய. நல்ல நிலையில் அதுதான் அந்தக் காரமான வாசனை, அழுகினால் அதுதான் அந்த நாற்றம். நான்கு உருண்டை காம்பு வெட்டிய இடத்தில் கொழகொழத்து, விரல் வைத்தால் உள்ளே போனது. மென்னழுகலை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு வேண்டியது ஒரு காயமும் கொஞ்சம் ஈரமும்தான். இரண்டையும் நாங்களே கொடுத்திருக்கிறோம்.

சரி, இப்போது சமாதானம் எப்படி ஆனது என்றால், காய்ந்த துணியால் மண்ணைத் துடைத்து வைப்பது, சமைக்கும் நேரத்தில் கழுவுவது. மழை நாளில் வெட்டி மண் சேறாக ஒட்டியிருந்தால் கழுவத்தான் வேண்டும். அப்போது கழுவிய பிறகு துணியில் பரத்தி, காம்புகளின் இடுக்கு உட்பட நன்றாக உலரும்வரை உள்ளே வைப்பதில்லை.

அடுத்தது தரம் பிரிப்பது. எனக்கு இதைவிடப் பயன்பட்ட வேலை வேறில்லை. ஆனால் யாரும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. எல்லா நூல்கோலையும் சேமிக்க முடியாது. எதைச் சேமிக்க முடியாது என்று வெட்டிய அன்றே தெரிந்துவிடும்.

வெடித்தது முதல். நாலு நாள் தண்ணீர் விடாமல் இருந்து ஐந்தாம் நாள் பாத்தி நிறைய விட்டால் உருண்டை திடீரென்று பருத்து, தோல் தாங்காமல் பிளக்கும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்த கையோடு நான் பாசத்தில் தண்ணீர் பாய்ச்ச, ஐந்து வெடித்தன. வெடித்தது சாப்பிட நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பிளவு மூடவே மூடாது. அன்றோ மறுநாளோ அடுப்புக்குப் போக வேண்டும். புழு துளைத்தது, நத்தை கடித்தது, கத்தி தவறி வெட்டுப்பட்டது எல்லாம் இதே வரிசை.

இரண்டாவது, பெரிது. டென்னிஸ் பந்து அளவு, அதாவது 6 அல்லது 7 செ.மீ. குறுக்களவு வரைதான் சாதாரண ரகங்கள் இளசாக இருக்கும். அதைத் தாண்ட விட்டால் அடிப்பக்கத்திலிருந்து நார் ஏறத் தொடங்கும். தண்டுதானே, செடி தன் பாரத்தைத் தாங்க அங்கே மரத்தன்மையை ஏற்றுகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் பார்க்கிற சோதனை ஒன்றுதான்: வேர்ப்பக்கம் வெட்டிய முகத்தில் நகத்தை அழுத்துவது. நகம் சுலபமாக இறங்கினால் வைக்கலாம். கீறிக்கொண்டு வழுக்கினால் நார். அதை வைத்தால் நார் மறையப் போவதில்லை. சுற்றியிருக்கும் சதை தண்ணீர் இழக்க இழக்க நார் இன்னும் தூக்கலாகத் தெரியும். அப்படிப்பட்டதை அடியில் தடிமனாகச் சீவி எறிந்துவிட்டு, மேல்பாதியை மட்டும் அந்த வாரமே தீர்த்துவிடுவோம்.

இதற்கு விதிவிலக்கு ராட்சத ரகங்கள். கோசாக், சூப்பர்ஷ்மெல்ஸ் என்ற பெயரில் விதை கிடைக்கும். அவை தலை அளவுக்குப் பெருத்தாலும் நார் ஏறாமல் இருப்பதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. தோல் தடிமன், அதனாலேயே நீண்ட நாள் தாங்கும். மாதக்கணக்கில் வைப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் இந்த ரகத்தைப் போடுங்கள். நான் ஒரு முறை போட்டேன். ஒன்று மட்டும் மூன்று நாள் சமையலுக்கு வந்தது. வெட்டிய பாதியை எப்படி வைப்பது என்ற புதுத் தலைவலியும் கூடவே வந்தது. மறுபடியும் வெள்ளை வியன்னா என்ற சாதாரண ரகத்துக்கே திரும்பிவிட்டேன். ஊதா வியன்னாவும் போடுவதுண்டு. அது சில நாள் தாமதமாக வரும். ஊதா நிறம் தோலோடு சரி, சீவினால் உள்ளே எல்லாம் ஒரே வெள்ளை. ஊதா அதிக நாள் தாங்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், எங்கள் ஃபிரிட்ஜில் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

காயமில்லாத, நகம் இறங்குகிற, நடுத்தர அளவுள்ளவை மட்டும் மூன்றாவது குவியல். சேமிப்பு என்பது இந்தக் குவியலுக்குத்தான். 28 வெட்டினால் இதில் 15, 16 தேறும்.

மூன்றாவது அறுவடையில் எனக்கு ஒரு ஆராய்ச்சி மனப்பான்மை வந்தது. ஏறக்குறைய 200 கிராம் இருந்த உருண்டைகளாகப் பார்த்து எடுத்து, பேனாவால் எண் போட்டு, சமையலறைத் தராசில் எடை எழுதி வைத்தேன். ஒன்றைத் தழையோடு மேசைமேல் வைத்தேன், ஒன்றைத் தழை வெட்டி மேசைமேல். ஒன்றை ஃபிரிட்ஜில் திறந்தபடி, ஒன்றை ஃபிரிட்ஜில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில், ஒன்றை ஈரத்துணி சுற்றி ஃபிரிட்ஜில். மனைவி இதற்கெல்லாம் வாய் திறக்கவில்லை. எண் போட்ட நூல்கோலை மட்டும் மறந்தும் தொடவில்லை.

தழையோடு மேசைமேல் இருந்தது மூன்றாம் நாளே கட்டைவிரலுக்கு அமுங்கியது. தழை வெட்டியது ஏழாம் நாள் 170 கிராமுக்கு வந்து நின்றது, தோல் சுருங்கவில்லை, ஆனால் நறுக்கும்போது அந்த 'நறுக்' போய்விட்டது. எனக்கு ஆச்சரியம் தந்தது மூன்றாவதுதான். ஃபிரிட்ஜில் வைத்தாலே போதும் என்று நினைத்திருந்தேன். திறந்தபடி வைத்தது ஒரு வாரத்தில் 15 கிராம் இழந்திருந்தது. ஃபிரிட்ஜ் குளிர்விக்கும்போதே உள்ளிருக்கும் காற்றை உலர்த்தவும் செய்கிறது. குளிர்ந்த தகட்டில் ஈரம் படிந்து வடிந்து போய்விடுகிறது. அந்த உலர்ந்த காற்று அடுத்து எங்கே ஈரம் கிடைக்கும் என்றுதான் பார்க்கும். ஓட்டைப் பையில் இருந்தது இழந்தது வெறும் 3 கிராம். ஈரத்துணி சுற்றியதும் கிட்டத்தட்ட அதே. ஆனால் துணி காய்ந்துபோனதை இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் அது உருண்டையின் ஈரத்தையே இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. தினமும் துணி நனைக்கிற பொறுமை உள்ளவர்கள் செய்யலாம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

குளிர்பதனக் கிடங்குகளில் நூல்கோலுக்குச் சொல்லும் அளவு 0 டிகிரி செல்சியஸ், 98 முதல் 100 சதவீதம் ஈரப்பதம். அப்படி வைத்தால் தழை நீக்கியது இரண்டு, மூன்று மாதம் தாங்கும். தழையோடு இருப்பது அங்கேயே இரண்டு முதல் நான்கு வாரம்தான். வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரி பக்கத்தில் ஓடுகிறது, கதவை நாளுக்கு முப்பது தடவை திறக்கிறோம். அதனால் நான்கு, ஐந்து வாரம் தாங்கினாலே திருப்தி என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் குளிர வேண்டும் என்று நினைத்து ஒருமுறை மேல்தட்டில் பின்சுவரை ஒட்டி இரண்டை வைத்தேன். அங்கே உறைபனி பிடிக்கும் என்று தோன்றவில்லை. சுவரைத் தொட்ட பக்கம் உறைந்து, வெளியே எடுத்ததும் கண்ணாடிபோல நீர்கோத்து, பிறகு தொளதொளவென்று ஆனது. பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி கீழே போனாலே இதற்கு உறைந்துவிடும். கீழே இருக்கும் காய்கறி டிராயர்தான் சரியான இடம். அதில் ஈரப்பதத்துக்கென்று நகர்த்துகிற பொத்தான் ஒன்று இருந்தால், காற்று வெளியேறாதபடி மூடி வைக்க வேண்டும்.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக்க இறுக்கி மூடினால் உள்ளே வியர்க்கும், திறந்து விட்டால் காயும். பேனா முனையால் ஏழெட்டு ஓட்டை போடுகிறேன், உள்ளே ஒரு காகிதத் துண்டு, ஒரு பையில் நான்குக்கு மேல் இல்லை. வாரம் ஒருமுறை பையைத் திறந்து பார்ப்பேன். காகிதம் நனைந்திருந்தால் மாற்றுவேன், உதிர்ந்த மஞ்சள் காம்புகளை எடுத்துப் போடுவேன், கெட்டது ஏதாவது தென்பட்டால் அதோடு இருந்தவற்றைத் துடைத்து வேறு பைக்கு மாற்றுவேன். பத்து உருண்டையை ஒரே பையில் போட்டு ஒன்று அழுகினால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அதே டிராயரில் ஆப்பிள் இருக்கக்கூடாது. பழுக்கும் பழங்கள் எத்திலீன் வாயுவை விடும். உருண்டையை அது பெரிதாகப் பாதிப்பதில்லை. தழையைத்தான் மஞ்சளாக்கும். தழை வேண்டாதவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எங்களுக்குத் தழை வேண்டும்.

தழையை வெட்டி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இளந்தழை கீரை மாதிரியே வேகும், முட்டைக்கோஸ் வாசனையோடு. நடுநரம்பை மட்டும் கிழித்துவிட்டால் முரடு இல்லை. ஆனால் இதன் ஆயுள் தனி. அலசாமல் லேசாக ஈரப்படுத்திய துணியில் சுற்றிப் பையில் வைத்தால் மூன்று, நான்கு நாள். அதற்கு மேல் ஓரம் மஞ்சளடிக்கும். வைக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது கட்டாயம். பச்சைப் புழுவும் சாம்பல் நிற அசுவினியும் அங்கேதான் குடியிருக்கும். ஃபிரிட்ஜில் போனால் செத்துவிடும் என்று நினைத்தேன். குளிரில் சுருண்டு படுத்திருந்த புழு சமையல் மேடைக்கு வந்ததும் எழுந்து நடந்தது. அந்த வாரம் தழைக்கு வீட்டில் தடை.

வெட்டிய பாதிக்கு வருகிறேன். தோல் சீவாமல் வெட்டுங்கள், பாதி மிஞ்சினால் தோல்தான் அதற்குக் கவசம். வெட்டிய முகத்தை மூடி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் நான்கு நாள் வரை நன்றாக இருக்கும். டப்பா கட்டாயம். இல்லாவிட்டால் பாலில்கூட அந்த வாசனை ஏறும். குச்சி குச்சியாக நறுக்கித் தண்ணீரில் போட்டு வைத்தால் இரண்டு நாள் மொறுமொறுப்பாக இருக்கும். பச்சையாகக் கொறிக்க வசதி. நூல்கோலில் 100 கிராமுக்கு 62 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உண்டு, அது தண்ணீரில் கரையக்கூடியது. அதனால் அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கும். ஒரு நாளுக்கு மேல் போட்டு வைப்பதில்லை.

கொஞ்சம் வதங்கிய முழு உருண்டையைக் காப்பாற்ற முடியும். அடியிலும் உச்சியிலும் மெல்லிய வில்லை சீவிவிட்டுப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் முக்கி வைத்தால் பாதி உயிர் திரும்பும். அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். வளைத்தால் வளைகிற நிலைக்குப் போனது எழாது.

ஃபிரிட்ஜ் இல்லாமல் வைக்க முடியுமா என்று ஒரு வாளி மணலில் முயன்றேன். இதற்கு மட்டும் வேரோடு எடுத்து, தழையை வெட்டி, ஈர மணலில் ஒன்றையொன்று தொடாமல் புதைத்தேன். மணலைக் கையில் அள்ளிப் பிடித்தால் உதிராமல் நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. குளிர் காலத்தில் வீட்டின் குளிர்ந்த மூலையில் மூன்று வாரம் நன்றாக இருந்தது. வெயில் காலத்தில் அதே வாளி பத்து நாளில் வேர் விட்டு, தளிர் விட்டு, ஒரு குட்டித் தோட்டமாகிவிட்டது. மணல் ஈரத்தைக் காக்கும், குளிரைக் கொடுக்காது. உங்கள் வீட்டில் குளிர்ந்த நிலவறை இருந்தால் செய்யலாம்.

மாதக்கணக்கில் வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான். இதிலும் ஒரு தோல்வி உண்டு. முதல் முறை தோல் சீவி, நறுக்கி, பச்சையாகவே பையில் போட்டு உறைய வைத்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது காய்ந்த வைக்கோல் வாசனை, பழுப்பு நிறம், ஒரு கசப்பு. உறைந்த பிறகும் காயிலுள்ள நொதிகள் மெதுவாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அவற்றை நிறுத்தச் சூடு வேண்டும். இப்போது ஒன்றே கால் செ.மீ. சதுரத் துண்டுகளாக நறுக்கி, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் 1 நிமிடம் போட்டு எடுக்கிறேன். சின்ன உருண்டையை முழுதாகப் போடுவதானால் 3 நிமிடம். நேரம் தண்ணீர் மறுபடி கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து கணக்கு. எடுத்த கையோடு பனிக்கட்டித் தண்ணீரில் கொட்டி, உள்ளே வரை ஆறியதும் வடித்து, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். சோம்பல்படாமல் ஒற்றினால் தட்டில் பரத்தி உறைய வைத்த பிறகு உதிரி உதிரியாகப் பைக்குப் போகும். சோம்பல்பட்டால் ஒரே பாறை, சுத்தியல் தேவைப்படும். நான் சுத்தியலும் எடுத்திருக்கிறேன்.

பையில் தேதி எழுதுங்கள். -18 டிகிரியில் எட்டு மாதத்துக்கு மேலும் நன்றாகவே இருக்கிறது. ஒன்று மட்டும்: அந்த மொறுமொறுப்பு திரும்ப வராது. உறையும்போது உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமாகிச் செல்சுவர்களைக் கிழித்துவிடுகிறது. குழம்பிலோ சூப்பிலோ வெந்து மறைகிற இடத்தில்தான் இதற்கு வேலை. ஃப்ரீசரிலிருந்து நேராகக் கொதிக்கும் பாத்திரத்துக்கு, நடுவில் கரைய விடக்கூடாது.

பச்சையாகத் தின்கிற சுவை வேண்டும், நாளும் தாங்க வேண்டும் என்றால் உப்பில் புளிக்க வைப்பது. இது எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது, இப்போது இதுதான் பிடித்தமான வழி. துருவிய நூல்கோல் ஒரு கிலோவுக்கு 20 கிராம் உப்பு. கண்ணளவு வேண்டாம், தராசில் போட்டே எடுங்கள். பிசைந்து பத்து நிமிடம் விட்டால் காயிலிருந்தே தண்ணீர் சுரக்கும், ஒரு சொட்டும் சேர்க்க வேண்டியதில்லை. கண்ணாடி ஜாடியில் அழுத்தி நிரப்பி, மேலே ஒரு முட்டைக்கோஸ் இலையை மடித்து வைத்து, அதன்மேல் ஒரு கனம். காய் முழுக்க உப்புநீருக்கு அடியில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் முக்கியம். மேலே மிதந்த துருவலில் முதல் ஜாடியில் எனக்குப் பூஞ்சை பிடித்தது, மொத்தமாகக் கொட்டிவிட்டேன். இரண்டாம் நாளிலிருந்து குமிழி வரும், மூடியைத் தினம் ஒருமுறை தளர்த்தி விடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் இதமான புளிப்பு ஏறியதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் மாதக்கணக்கில் இருக்கும். வெயிலில் வற்றல் போட்டும் பார்த்தேன், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால் கிலோ ஒரு கைப்பிடியாயிற்று, அதையும் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவும் செய்கிறவன் இப்போது நடுவதையும் மாற்றிக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு நாற்று. ஒரு தொகுதி தீரும்போது அடுத்தது வருகிறது. நூல்கோல் பாத்தியில் காத்திருக்கும் என்று நம்பித் தள்ளிப்போடவும் முடியாது. குளிர்ந்த வானிலையில் ஒரு வாரம், பத்து நாள் பொறுக்கும். வெயில் ஏறினால் நாலே நாளில் நார்.

போன தொகுதியில் கடைசியாக மிஞ்சிய ஒன்றை ஐந்தாவது வாரத்தின் கடைசியில் எடுத்தேன். காம்பெல்லாம் உதிர்ந்து மொட்டையாக இருந்தது, தோல் கொஞ்சம் மங்கியிருந்தது. கத்தி வைத்தபோது 'நறுக்' என்று சத்தம் வந்தது. மனைவி அடுத்த அறையிலிருந்து, "அது எந்த நம்பருங்க?" என்று கேட்டாள்.

பாத்தியில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. இரண்டு விரல் கீழே வெட்டி விட்ட அடித்தண்டுகளைப் பிடுங்க நேரமில்லாமல் அப்படியே விட்டிருந்தேன். அவற்றில் மூன்றில் பக்கத் தளிர் வந்து, ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவில் இரண்டு, மூன்று குட்டி நூல்கோல் பிடித்திருக்கிறது. அவற்றுக்குப் பையும் வேண்டாம், டிராயரும் வேண்டாம். தண்ணீர் விடும்போது ஒன்றைக் கிள்ளி, சட்டையில் துடைத்து, நின்ற இடத்திலேயே தின்றுவிடுகிறேன்.